இருபது காகித இலைகளும் இரண்டு கப் சூப்பும்

அன்று அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

மூன்றரை வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது வரும், சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியிருக்கும்போது வரும். விடை மட்டும் வருவதில்லை. அவள் என்று நான் சொல்வது அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில், எங்கள் அபார்ட்மென்டுக்கு நேர் கீழே குடியிருப்பவளை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதியும் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. நேரில் பார்த்தால் 'வாங்க, போங்க'தான். மனதுக்குள் அவள் கீழ்வீட்டுக்காரி.

அப்போது நான் அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவருக்கு மன்ஹாட்டனில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. காலை ஆறே முக்கால் ரயிலுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். நான் கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. கணக்கு படித்து, ஒரு வருடம் கல்லூரியில் பாடமும் எடுத்தவள். இங்கே என் விசாவில் வேலை பார்க்க முடியாது. படித்த கணக்கெல்லாம் ஐந்து வயது மகளின் மேல்தான் இறங்கியது. நூறு வரை எண்ணுவாள். இருபதிலிருந்து பின்னோக்கியும் எண்ணுவாள். தமிழிலும் எண்ணுவாள், 'பதினெட்டு' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குவாள்.

செப்டம்பரில் கிண்டர்கார்டன் ஆரம்பித்தது. முதல் வாரமே டீச்சர் ஒரு தாள் அனுப்பினார், இந்த இலையுதிர்காலத்தில் வகுப்பில் என்னென்ன செய்யப் போகிறோம் என்று. ஆப்பிள் கொண்டுவந்து மூன்று நிறத்தையும் கடித்துப் பார்த்து எது பிடித்தது என்று ஓட்டுப் போடுவது, இலை பொறுக்குவது, பூசணிக்காயைக் குடைந்து விதை எண்ணுவது, கடைசியில் நவம்பரில் எல்லாரும் சேர்ந்து சூப் வைப்பது. அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துத் தினமும் படித்தேன். கேட்டதைச் செய்து, கேட்காததையும் கொஞ்சம் சேர்த்துச் செய்கிற ஜாதி நான். ஐந்து இலை கேட்டார்கள், இருபத்தைந்து அனுப்பினேன். ஒவ்வொன்றையும் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கணவரின் சட்டைக்குப் போடுகிற இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். ஊரில் உதிர்ந்த இலையைப் பெருக்கிக் குப்பையில் தள்ளுவோம். இங்கே பொறுக்கி வந்து இஸ்திரி போடுகிறோம் என்று அவர் சிரித்தார்.

கீழ்வீட்டுக்காரியின் மகனும் அதே வகுப்பு. அவர்கள் எங்களுக்கு ஆறு வருடம் முன்னால் வந்தவர்கள். எந்தக் கடையில் எந்தக் கிழமை கூப்பன் செல்லும், குழந்தைகளுக்கான எந்த டாக்டர் ஃபோனை எடுப்பார், எல்லாம் அவள் சொல்லித்தான் எங்கள் கட்டடத்தில் தெரியும். முக்கியமாக அவள் லேபிள் படிப்பவள். கடையில் ஒரு டப்பாவை எடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், கடைசி எழுத்து வரை படிப்பாள். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், சில சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றுச் சாறு, சில ரொட்டியில் பன்றிக் கொழுப்பு என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

"உங்களுக்கு இது தேவைப்படாது. நீங்கதான் எல்லாம் சாப்பிடுவீங்களே. சும்மா வச்சுக்குங்க."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. "தேங்க்ஸுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வாங்கிக்கொண்டு நன்றி சொல்வது என் பழக்கம்.

அக்டோபர் மூன்றாவது வாரம் டீச்சர் ஃபோன் செய்து வரச் சொன்னார். அப்போதுதான் டிரைவிங் லைசென்ஸ் வாங்கியிருந்தேன், தனியாக ஓட்டப் பயம். நடந்தே போனேன். முழங்கால் மார்பில் இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். நல்ல பெண்மணி, குரல் உயர்த்தத் தெரியாதவர். ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். 'எண்களை அடையாளம் காணுதல்' என்ற வரிக்கு எதிரே 'இன்னும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

தரைவிரிப்பில் ஒன்றிலிருந்து இருபது வரை எண் எழுதிய காகித இலைகளைப் பரப்பி ஒரு விளையாட்டு நடத்தினாராம். டீச்சர் ஒரு எண்ணைச் சொன்னால் குழந்தை அந்த இலைமேல் போய்க் குதிக்க வேண்டும். என் மகள் ஒரு அடி வைத்தாள், கீழே குனிந்தாள், பிறகு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். மூன்று முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் தனியாகக் கேட்டபோதும் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் அதனதன் நேரத்தில்தான் மலரும், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டீச்சர். திங்கட்கிழமையிலிருந்து தினமும் இருபது நிமிடம் வராந்தா மேஜையில் ஒரு உதவி ஆசிரியை அவளுக்குத் தனியாக எண் சொல்லித் தருவார். வசந்த காலத்துக்குள் வரவில்லை என்றால் இன்னொரு வருடம் கிண்டர்கார்டனிலேயே இருப்பது நல்லது.

"வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?"

தமிழ் என்றேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

இவளுக்கு நூறு வரை தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'தேங்க் யூ' என்றேன். கதவருகே போய் இன்னொரு தடவை 'தேங்க் யூ' என்றேன்.

"நூறு வரைக்கும் தெரியும்னு சொன்னியா இல்லியா?" என்று கேட்டார் கணவர், ஷூவைக்கூடக் கழற்றாமல்.

"இல்லீங்க."

"ஏன்?"

"டீச்சர் பேசறப்ப குறுக்க எப்படிங்க பேசறது..."

"எம்.எஸ்ஸி. மேத்ஸ்" என்றார். சாப்பிட்டு முடித்தபின், "இனிமே வீட்ல இங்கிலீஷே பேசுவோம். வேற வழியில்ல" என்றார்.

பதினோரு நாள் பேசினோம். 'ஈட் யுவர் ரைஸ்' என்று நான் சொன்னால், டிவியில் செய்தி வாசிக்கிறவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பாள். தலைக்கு ஊற்றும்போது 'கண்ணை மூடிக்கோ' என்று வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். முதல் இரண்டு நாள் அவள் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஐந்து வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பதினோரு நாளை நான் இன்னும் யாருக்கும் மன்னிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், நானே சொல்லிக்கொடுத்துப் பார்ப்போம் என்று சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதத்தில் இருபது இலை வெட்டி, மார்க்கரால் எண் எழுதி, ஹாலில் பரப்பினேன்.

"ஹாப் ஆன் செவன்!"

அசையவில்லை.

"கமான், செவன்!" என்று நானே குதித்துக் காட்டினேன். அவள் ஓடிவந்து மண்டியிட்டு, என் பாதத்துக்கு அடியிலிருந்த இலையைத் தொட்டு, விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்காக.

"அம்மா, எழுத்து" என்றாள். தமிழில்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் புத்தகத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அவளுக்கு இரண்டு வயதில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் பழைய அல்ஜீப்ரா புத்தகத்தின் மேல் உட்கார்ந்தாள் என்று தொடையில் ஒரு அடியும் கொடுத்திருக்கிறேன். எழுத்து இருக்கிற எதையும் மிதிக்கக் கூடாது, அது சாமி. தரையில் செய்தித்தாள் கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அதை ஃபோனில் ஊருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தக் குழந்தையிடம், ஷூ போட்ட காலோடு எண்ணின் மேல் குதி என்றால்?

"ஸ்கூல்லயும் இதான் பண்ணியாடா?"

"ஐ ஸ்டெப்ட் ஆன் ஃபோர். பை ஆக்சிடென்ட். அப்பறம் தொட்டுக் கும்பிட்டேன். அப்பறம் உக்காந்துட்டேன்."

"மிதிக்கக் கூடாதுன்னு டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஐ டிட்ன்ட் நோ த வேர்ட்ஸ்." கொஞ்சம் யோசித்து, "ஆண்ட்டிக்குத் தெரியும். ஆண்ட்டி பாத்தாங்க" என்றாள்.

"எந்த ஆண்ட்டி?"

அவள் ஆள்காட்டி விரலால் தரைவிரிப்பைச் சுட்டினாள். கீழே.

"நான் கும்பிட்டப்ப ஆண்ட்டி லாஃப் பண்ணாங்க. டீச்சரும் லாஃப் பண்ணாங்க."

கீழ்வீட்டுக்காரி செவ்வாய்க்கிழமைகளில் வகுப்புக்கு வாலன்டியராகப் போவாள். அது எனக்குத் தெரியும். அவள் வீட்டிலும் இதே பழக்கம்தான், அதுவும் தெரியும். அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்குப் போயிருந்தபோது, அவள் மகன் கீழே விழுந்த காலண்டரை மிதித்தான் என்று என் முன்னாலேயே காதைத் திருகித் தொட்டுக் கும்பிட வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவன் பத்தின் மேல் குதித்தானாம், அவள் கைதட்டினாளாம். பள்ளிக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று மகனுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். புத்திசாலித்தனம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் மகள் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தவுடன், 'இந்தக் குழந்தைக்கு எண் தெரியாமல் இல்லை, எழுத்தை மிதிக்க மாட்டாள்' என்று டீச்சரிடம் சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

ஒரு கிண்ணம் தேங்காய்ச் சட்னியைச் சாக்காக எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"லீஃப் கேம் அன்னிக்கு நீங்க கிளாஸ்ல இருந்தீங்களாங்க?"

"ஆமா, ட்யூஸ்டே நான்தானே. அந்த இலை எல்லாம் நான்தான் கட் பண்ணேன். கை வலி தாங்கல."

"என் பொண்ணு..."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "பாவங்க. கொஞ்சம் ஸ்லோவா பிக்கப் பண்றா போல இருக்கு. நீங்க ஒர்ரி பண்ணாதீங்க. சில குழந்தைங்களுக்கு லேட்டாத்தான் வரும். என் நாத்தனார் பையனும் அப்படித்தான் இருந்தான், இப்ப பரவாயில்ல."

'அவ கண்ணுல ஒத்திக்கிட்டத நீங்க பாத்தீங்கல்ல?' ஒரே ஒரு வாக்கியம். நாக்கின் நுனியில் நின்றது. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"சட்னில வெங்காயம் இல்லல்ல? இன்னிக்கு எனக்கு விரதம்."

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறி வந்தேன். 'தேங்க்ஸ்' சொல்லவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை மகளின் பையில் வைத்து அனுப்பினேன். அன்றே அவர் ஃபோன் செய்து, எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் பூசணி விதை எண்ணினார்கள், தரையில் இல்லை, மேஜையில். என் மகள் விதைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து, நானூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னாளாம். டீச்சர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார். வராந்தா மேஜைப் பாடம் நின்றது. இன்னொரு வருடம் என்ற பேச்சும் நின்றது. அன்று மாலை கணவர் வந்ததும், "என்னடா குட்டி, சாப்டியா?" என்றார். மகள் அவரையே பார்த்துவிட்டு, "அப்பா, நீ நார்மலா ஆயிட்ட" என்றாள்.

அதோடு நான் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் தீபாவளிக்கு எங்கள் குடியிருப்பின் பொது ஹாலில், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து எல்லாரும் கூடினோம். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர், அதுவரை என்னோடு பத்து வார்த்தை பேசியிராதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப பரவாயில்லையா பொண்ணுக்கு? கொஞ்சம் ஸ்லோன்னு கேள்விப்பட்டோம். நியூ பிரன்ஸ்விக்ல ஒரு டாக்டர் இருக்காராம், நம்பர் வாங்கித் தரட்டுமா?"

என் மகள் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அந்தப் பெண்மணியின் தோளுக்குப் பின்னால் கீழ்வீட்டுக்காரி, யாருக்கோ குலாப்ஜாமூன் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கண்கள் சந்தித்தன. அவள் சிரித்தாள், 'சாப்பிட்டீங்களா?' என்று கையால் ஜாடை காட்டினாள்.

படியேறும்போது மகள் கேட்டாள்: "அம்மா, ஆம் ஐ ஸ்லோ?"

அந்தப் படியில்தான் முடிவு செய்தேன். என்ன செய்வது என்று அல்ல. செய்வது என்று.

நான் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டி வரவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம் வகுப்பில் அறுவடைச் சூப். உதவிக்கு வர முடியுமா என்று டீச்சர் கேட்டிருந்தார். முதன்முதலாகத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு குழந்தையும் ஒரு காய் கொண்டுவந்திருந்தது. பிளாஸ்டிக் கத்தியால் அவர்கள் வெந்த உருளைக்கிழங்கை நறுக்க, கேரட்டையும் செலரித் தண்டையும் நான் நறுக்கினேன். எத்தனை கப், எத்தனை கரண்டி என்று டீச்சர் அளவு சொல்லிக் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். 'வெஜிடபிள் சூப்' என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னார். எல்லாம் மின்சார அடுப்புச் சட்டிக்குள் போனது. பிறகு அவர் அலமாரியிலிருந்து நான்கு டப்பாவை எடுத்துத் திறந்து ஊற்றினார். டப்பாவின் மேல் ஒரு மஞ்சள் கோழி, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

கோழி வேகவைத்த சாறு. கீழ்வீட்டுக்காரியின் பட்டியலில் இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது. மகனுக்கு இறைச்சி கூடாது என்று அவள் டீச்சருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். டீச்சரைப் பொறுத்தவரை இறைச்சி என்றால் துண்டு. இதில் துண்டு எதுவும் இல்லையே.

உள்ளபடி எழுதுகிறேன். முதல் கணத்தில் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். டீச்சர் திரும்பி, "எல்லாம் சரியா?" என்றார். "வாசனை ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன்.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். கீழ்வீட்டுக்காரியின் மகன் தன் முறை வந்ததும் கப்பை நீட்டாமல் என் முகத்தைப் பார்த்தான். இந்திய ஆண்ட்டி யாராவது இருந்தால் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று அவன் அம்மா பழக்கியிருந்தாள்.

"ஆண்ட்டி, இஸ் திஸ் வெஜ்?"

"டீச்சர் வெஜிடபிள் சூப்னுதானே சொன்னாங்க" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், லேபிள் படிப்பதுபோல. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

குடித்தான். கண்ணை விரித்தான். "இட்ஸ் ஸோ குட், ஆண்ட்டி" என்று மறுபடியும் வந்தான். இரண்டாவது கப்பை ஊற்றும்போது என் கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. விளிம்பு வரை ஊற்றினேன்.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அவன் கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

கார் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டாள். "அம்மா, அந்த கேன்ல சிக்கன் படம் இருந்துது."

"ம்."

"அவன் சிக்கன் சாப்பிட மாட்டான்."

"ம்."

"நீ ஏன் சொல்லல?"

"கீழ பாத்து நட" என்றேன். மரங்கள் எல்லாம் மொட்டையாகிவிட்டிருந்தன. இலைகள் ஈரத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்தன.

மறுநாளே கீழ்வீட்டுக்காரி மாடியேறி வந்தாள். பாதிக் கதவைத்தான் திறந்தேன். அவள் கையில் பேனாவும் தாளும்.

"என்னங்க மாயம் பண்ணீங்க? காய்னாலே ஓடுறவன், ரெண்டு கப் குடிச்சானாமே! வீட்ல வேணும்னு ஒரே அடம். அந்த ரெசிபி சொல்லுங்களேன்."

சொன்னேன். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சோளம், செலரி, இரண்டு தக்காளி, உப்பு, மிளகு. அவள் எழுதிக்கொண்டாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

இரண்டு நாள் கழித்து வந்தாள். "அது மாதிரி இல்லேங்கறான்." வெண்ணெய் சேர்க்கச் சொன்னேன். பிறகு பூண்டு. பிறகு ஒரு பிரிஞ்சி இலை. "ஏதோ ஒண்ணு குறையுதும்மாங்கறான், என்னன்னு அவனுக்கும் சொல்லத் தெரியல" என்பாள். இப்படி மூன்று இலையுதிர்காலம். இலை சிவக்கத் தொடங்கினால் அவன் அந்தச் சூப்பைக் கேட்பான், அவள் என்னிடம் வருவாள், நான் முகத்தைச் சுருக்கி யோசித்து இன்னொரு மசாலாவைச் சொல்வேன். அந்த நிமிடங்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நாலு பேர் நடுவில் அவள், "என் பையன் வாயில இந்த நாட்டுல ஒரு முட்டைத் தூள்கூடப் போனதில்ல" என்று சொல்லும்போதெல்லாம், நான் டீயை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டுவேன். உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரில் எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கிறதே என்று உள்ளே சில்லென்று இருக்கும். என் மகளை ஸ்லோ என்றாயே, குடி.

பையனை நினைத்தால்தான் வேறு மாதிரி. அவன் என்ன செய்தான்? பத்தின் மேல் குதித்தான். அம்மா சொன்னபடி ஒரு ஆண்ட்டியிடம் கேட்டான்.

இன்னொன்றும் என்னைக் குடைகிறது. நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அவளுக்கும் ஒரு காரணம் இருந்திருக்குமோ? வெள்ளைக்கார டீச்சர் முன்னால் நம் பழக்கத்தைச் சொல்ல வெட்கமா? வாலன்டியர் தலையிடக் கூடாது என்ற பயமா? தன் பிள்ளை மட்டும் முன்னால் நிற்கட்டும் என்ற எண்ணமா? இல்லை, அதற்கு முன்பே நான் அவளை ஏதாவது நோகடித்திருந்து, அவள்தான் எனக்குத் திருப்பிச் செய்தாளா? தேடிப் பார்க்கிறேன். அந்த ஆகஸ்டில் மகளின் பிறந்தநாளுக்குக் கடைக் கேக் வாங்கினேன். "முட்டை இருக்கா?" என்று அவள் கேட்டபோது, "தெரியலீங்களே" என்றேன். அவள் மகனின் தட்டிலிருந்து துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். அவன் அழுதான். அதுவா? அதற்காகவா ஒரு குழந்தையை இன்னொரு வருடம் உட்கார வைக்கப் பார்ப்பார்கள்? சில நாள் அதுதான் என்று தோன்றுகிறது. சில நாள் அவள் அன்று ஒன்றையுமே கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அவள் கணவருக்கு டெக்சாஸில் வேலை மாற்றம். பள்ளி முடிந்ததும் ஜூனில் அங்கே கேட்டி என்ற ஊருக்குக் குடிபெயர்கிறார்கள். போன வாரம் வந்திருந்தாள். சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க யாரையும் தெரியாதுங்க. இங்கன்னா, ஸ்கூல்ல ஏதாவது பார்ட்டின்னா நீங்க இருக்கீங்க, அவன் வாயில என்ன போகுதுன்னு பாத்துப்பீங்கன்னு நான் நிம்மதியா இருந்தேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஹெல்ப். என் கிச்சன்ல, நீங்களே வந்து, அந்த சூப்ப ஒரு தடவ வச்சுக் குடுத்துடுங்க. பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். அவன் ஆசையா இருக்கான்."

சரி என்றேன். என் பழக்கம்.

அவள் போனதும் என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். இப்போது மூன்றாம் வகுப்பு. வகுப்பிலேயே கணக்கில் முதல். "ஸ்லோ" என்ற சொல் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சூப் ஞாபகம் இருக்கிறது.

"யூ நோ வாட்ஸ் மிஸ்ஸிங், அம்மா" என்றாள்.

"உனக்கு ஹோம்வொர்க் இல்லையா?"

"ஆண்ட்டி அன்னிக்கு டீச்சர்கிட்ட சொல்லலன்னு உனக்கு இன்னும் கோவம். பட் யூ டிட்ன்ட் டெல் ஐதர்." மறுபடியும் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டாள். தரையில் கிடந்த அவளுடைய கணக்குத் தாளைச் சுற்றிக்கொண்டு நான் சமையலறைக்குப் போனேன்.

கணவரிடம் மூன்றரை வருடம் கழித்து அன்றுதான் முழுவதையும் சொன்னேன். "போற ஜனங்க, விடு" என்றார். அவருக்கு எல்லாம் ரயில் மாதிரி, போனால் போனதுதான்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். கீழ்வீட்டுக்காரி இதைப் படித்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு இல்லை, அவள் லேபிளைத் தவிர எதையும் படிப்பதில்லை. ஜூன் வரை நேரம் இருக்கிறது. அவள் அடுப்பின் முன் நின்று, குறைவது என்ன என்று நான் சொல்லிவிடவா? சொன்னால் அது நேர்மையா, அல்லது மூன்றரை வருடம் அடைகாத்த பழிவாங்கலின் கடைசிக் கரண்டியா? என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் போனால், பக்கத்தில் நிற்கப்போகிற என் மகள் என்னிடமிருந்து எதைக் கற்றுக்கொள்வாள்? முதலில் என் கேள்வியைக் கேட்டு, அவள் வாயைத் திறந்தால்தான் நானும் திறப்பேன் என்று இருக்கவா? அந்தப் பையனுக்கு ஒன்பது வயது ஆகப் போகிறது. தெரிந்துகொண்டால் அவனுக்கு நல்லதா, தெரியாமல் இருப்பது நல்லதா?

என்னைவிடப் பெரியவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள், கீழ்வீடும் மேல்வீடும் பார்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். நான் நல்லவள் என்று மட்டும் எழுத வேண்டாம். சூப் வைக்கிற நாளில் என்ன செய்வது என்று எழுதுங்கள்.